சீஃப்டன்ஸ் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

அயர்லாந்தின் சீஃப்டன்ஸ் இசைக்குழுவைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் ஒரே அளவில் இருக்காது, எனக்குப் பிடித்த இடம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்கள்?

1962இல் டப்ளின் நகரத்தில் பேடி மொலோனி என்ற குழல்காரர் சேர்த்த குழு. முதல் இசைத்தட்டில் வாசித்தவர்கள் ஐந்து பேர்: மொலோனி இல்லன் பைப்பும் (காற்றுப்பை வைத்த குழல், கீழே விளக்குகிறேன்) டின் விசிலும் (ஆறு துளைத் தகரக் குழல்), ஷான் பாட்ஸ் டின் விசில், மார்ட்டின் ஃபே ஃபிடில் (வயலின்), மைக்கேல் டப்ரிடி புல்லாங்குழலும் கான்சர்டினாவும் (கையில் பிடிக்கும் சின்னத் துருத்தி வாத்தியம்), டேவிட் ஃபாலன் பவ்ரான். பவ்ரான் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய வட்டமான பறை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையில் சின்னக் கட்டையை வைத்துத் தட்டுவார்கள். கிளாடா ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்திவந்த காரெக் பிரவுன் கேட்டதால்தான் அந்தத் தட்டே வந்தது. ஒரு தட்டு போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவதாகத்தான் ஏற்பாடு. பெயரைத் தந்தவர் கவிஞர் ஜான் மான்டேக். அவருடைய கதை ஒன்றின் தலைப்பிலிருந்து எடுத்தது.

கேள்வி: ஐரிஷ் நாட்டுப்புற இசை அதற்கு முன்னாலும் இருந்ததுதானே? இவர்கள் புதிதாக என்ன செய்தார்கள்?

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

பழைய ஐரிஷ் வாத்திய இசையில் மெட்டு ஒன்றுதான். நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேரும் அதே மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். பெரும்பாலான நடன மெட்டுகளுக்கு இரண்டு பாகம், ஒவ்வொன்றும் எட்டுத் தாள அளவை, ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தால் ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்று போனதும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். ஆடுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் வெறுமனே உட்கார்ந்து கேட்பவருக்கு, முதலில் இருந்து கடைசி வரை எல்லோரும் ஒரே சத்தத்தில் வாசித்துக்கொண்டே இருந்தால் அலுத்துவிடும். நடனக் கூடங்களில் வாசித்த கேய்லி பேண்டுகளில் இதோடு பியானோவும் டிரம்ஸும் சேர்ந்துகொண்டன.

ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் இதை மாற்ற நினைத்தார். 1959இல் 'மிஷா ஏரா' ஆவணப்படத்துக்கு நாட்டுப்புற மெட்டுகளைப் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் அமைத்துப் பெயர் வாங்கியவர், டப்ளினின் அபே நாடக அரங்கின் இசை இயக்குநராக இருந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் கியோல்டோரி கூலன் என்ற குழுவை அமைத்தார். பழைய கம்பி ஹார்ப்பின் (யாழ் போன்ற வாத்தியம்) ஓசைக்குக் கிட்டே வரும் என்று ஹார்ப்சிகார்டு என்ற பியானோ மாதிரி வாத்தியத்தை வாசித்தார். பவ்ரானை மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். யார் எப்போது வாசிக்க வேண்டும் என்பதைவிட, யார் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். மொலோனி, பாட்ஸ், ஃபே, டப்ரிடி எல்லோரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள்தான்.

மொலோனி அங்கே கற்றதை எடுத்துக்கொண்டு, ஹார்ப்சிகார்டை விட்டுவிட்டு, இன்னும் நுணுக்கமாகச் செய்தார். சீஃப்டன்ஸ் தட்டு ஒன்றைப் போட்டுக் கவனித்துக் கேளுங்கள்: விசில் மட்டும் தனியாக மெட்டைத் தொடங்கும், இரண்டாம் பாகத்தில் ஃபிடில் கீழ் ஸ்தாயியில் வந்து ஒட்டிக்கொள்ளும், திரும்ப முதல் பாகம் வரும்போது விசில் காணாமல் போய்ப் புல்லாங்குழலும் கான்சர்டினாவும் மட்டும் இருக்கும், கடைசிச் சுற்றில்தான் பைப் முழுசாகத் திறந்துகொண்டு எல்லோரும் சேர்வார்கள். மெட்டை அவர் குலைக்கவில்லை. அதே மெட்டு எட்டு விதமாகக் கேட்கும். என்னைக் கேட்டால் சீஃப்டன்ஸின் சாதனை இதுதான். கிராமியும் போப்பாண்டவரும் ரோலிங் ஸ்டோன்ஸும் பிறகு வந்தவை.

கேள்வி: இல்லன் பைப் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்கள் பாவாடை கட்டிக்கொண்டு ஊதுவார்களே, அதுதானே சார்?

இல்லை, அது வேறு. ஸ்காட்டிஷ் பைப்பை வாயால் ஊதிக்கொண்டு நின்றோ நடந்தோ வாசிப்பார்கள், சத்தம் மைதானத்தை நிரப்பும். இல்லன் பைப்பில் வாய்க்கே வேலை இல்லை. வலது முழங்கையின் கீழே ஒரு துருத்தி, இடது கக்கத்தில் பை. துருத்தியை அழுத்தப் பைக்குள் காற்று போகும், பையை அழுத்த, விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழலுக்குப் போகும். மடியில் குறுக்காக மூன்று குழாய்கள் கிடந்து ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும், நம் சுருதிப்பெட்டி செய்யும் அதே வேலை. அவற்றோடு சாவிகள் வைத்த இன்னும் மூன்று குழாய்கள் இருக்கும், ரெகுலேட்டர் என்பார்கள். விரல்கள் மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே வலது மணிக்கட்டின் ஓரத்தால் அந்தச் சாவிகளைத் தட்டினால் இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். குழலின் அடியைத் தொடையில் வைத்து மூடித் திறப்பார்கள், அதற்காகவே தொடையில் ஒரு தோல் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். அப்படி மூடிக்கொண்டு பையை அழுத்தினால் மேல் ஸ்தாயி வரும், மொத்தம் இரண்டு ஸ்தாயி.

இவ்வளவையும் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் செய்ய வேண்டும். மொலோனி இதை லியோ ரௌசமிடம் கற்றார். ரௌசம் அன்றைக்கு டப்ளினில் பைப் வாசிப்பதிலும் செய்வதிலும் பெரிய கை. கிளாடா நிறுவனத்தின் முதல் வெளியீடே ரௌசமின் தட்டுதான். அறுபதுகளில் இந்த வாத்தியம் அழிந்துபோகும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்ற 1968இல் வாசிப்பவர்களே சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள், 2017இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

கேள்வி: 1962இல் தொடங்கி 1975இல்தான் முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டார்கள் என்று படித்தேன். நடுவில் பதின்மூன்று வருஷம் என்ன செய்தார்கள்?

வேலைக்குப் போனார்கள். மொலோனி ஒரு கட்டடப் பொருள் வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தார், 1968 முதல் கிளாடா நிறுவனத்தை நடத்தினார். டப்ரிடி பொறியாளர். பின்னால் சேர்ந்த கெவின் கொனெஃப் அச்சுத் தொழிலில் இருந்தவர். முதல் தட்டு வந்து பல வருஷம் கழித்து 1969இல்தான் இரண்டாவது வந்தது. அப்புறம் 1971இல் மூன்று, 1973இல் நான்கு. பெயர்கூட வைக்காமல் வெறும் எண் போட்டு வெளியிட்டார்கள்.

இந்த மெதுவான ஓட்டம் அவர்களுக்கு நன்மையாகத்தான் முடிந்தது என்று நினைக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்கு வேலை இருந்ததால் யாருக்காகவும் அவசரமாகத் தட்டு போட வேண்டியிருக்கவில்லை. பாட்டுக்காரர் வேண்டும், கிட்டார் வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தாலும் அதற்கு வளைய வேண்டிய தேவை இல்லை. 1975 மார்ச் 17, அயர்லாந்தின் தேசியத் திருநாளான புனித பேட்ரிக் திருநாள் அன்று லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கில் வாசித்தார்கள், அரங்கம் நிறைந்தது. அதே ஆண்டுதான் வேலையை விட்டு முழுநேரமாக இறங்கினார்கள். மொலோனிக்கு அப்போது வயது முப்பத்தாறு.

கேள்வி: ஸ்டான்லி குப்ரிக் படத்தில் இவர்கள் இசை வருகிறதாமே?

ஆமாம், 1975இல் வந்த 'பேரி லிண்டன்'. அதில் வரும் 'அயர்லாந்தின் பெண்கள்' மெட்டு சீஃப்டன்ஸ் வாசித்தது. வரிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரிஷ் மொழியில் எழுதப்பட்ட கவிதை, மெட்டு ஓ ரியாடா போட்டது. படத்தில் வரிகள் கிடையாது, வாத்தியம் மட்டும். அந்தப் படத்தின் இசைத் தழுவலுக்கான ஆஸ்கர் லெனர்டு ரோஸன்மனுக்குப் போனது. ஆனால் படம் பார்த்தவர்களில் பலர் அந்த ஹார்ப் மெட்டைத் தேடிக்கொண்டு சீஃப்டன்ஸ் தட்டுக் கடைக்குப் போனார்கள், அமெரிக்காவில் இவர்களுக்குக் கதவு திறந்ததில் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓ ரியாடா இதையெல்லாம் பார்க்க இல்லை. 1971இல், நாற்பது வயதில் இறந்துவிட்டார். எனக்கு இது எப்போதும் வருத்தம்.

கேள்வி: அந்த ஹார்ப் வாசித்தவர் யார்? வட அயர்லாந்துக்காரர் என்கிறார்களே, அந்தக் காலத்துக் கலவரத்தில் சிக்கல் வரவில்லையா?

டெரெக் பெல். பெல்ஃபாஸ்ட் நகரத்தின் புராட்டஸ்டன்ட் குடும்பம், மேற்கத்தியச் செவ்வியல் இசை முறையாகப் படித்தவர், பிபிசியின் வட அயர்லாந்து சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ப்பும் ஓபோவும் வாசித்தவர். 1972இல், அதுவும் ஒரு பேட்ரிக் திருநாளில், ஓ'கேரலன் மெட்டுகளை வானொலியில் வாசித்தபோதுதான் சீஃப்டன்ஸ்காரர்களோடு பழக்கம் ஏற்பட்டது. ஓ'கேரலன் 1670இல் பிறந்து 1738இல் இறந்த பார்வையற்ற ஹார்ப் கலைஞர், ஊர் ஊராகப் போய்ப் பிரபுக்களின் வீடுகளில் வாசித்து அவர்கள் பெயரிலேயே மெட்டுப் போட்டவர். பெல் நான்காவது தட்டில் வாசித்தார், 1975இல் முழு உறுப்பினர் ஆனார், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஆர்கெஸ்ட்ரா வேலையை விடவில்லை.

1972 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை யோசித்துப் பாருங்கள். கத்தோலிக்கத் தரப்பும் புராட்டஸ்டன்ட் தரப்பும் மோதிய வட அயர்லாந்துக் கலவரத்தில் மிக அதிக உயிர்கள் போன ஆண்டு அது. அந்த நேரத்தில் ஒரு பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டன்ட், டப்ளின்காரர்களோடு மேடையில் உட்கார்ந்து ஐரிஷ் மெட்டு வாசித்தார். அவர்கள் அதைப் பற்றி மேடையில் முழங்கவில்லை, சேர்ந்து வாசித்தார்கள், அவ்வளவுதான். சாகும்வரை அவர் குழுவை விடவே இல்லை. 2002 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் சிறிய அறுவைச் சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு இறந்தார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் போல உட்கார்ந்திருப்பார், கை மட்டும் பறக்கும்.

கேள்வி: ஆட்கள் அடிக்கடி மாறினார்களா?

அறுபது வருஷத்துக்கு இது குறைவுதான். ஃபாலன் போய்ப் பாடர் மெர்சியர் வந்தார். 1968இல் ஷான் கீன் இரண்டாவது ஃபிடிலாகச் சேர்ந்தார். 1976இல் மெர்சியர் ஓய்வுபெற, கொனெஃப் பவ்ரானை எடுத்தார். அவருக்குப் பாடவும் வரும். 1979இல் பாட்ஸும் டப்ரிடியும் விலகினார்கள், வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போவது எல்லோருக்கும் ஒத்துவருமா என்ன. டப்ரிடி இடத்துக்கு மாட் மொலாய் வந்தார். ஏற்கெனவே போதி பேண்ட் என்ற ஐரிஷ் குழுவில் பெயர் எடுத்த புல்லாங்குழல்காரர், மேயோ மாவட்டம் வெஸ்ட்போர்ட்டில் அவர் பெயரில் உள்ள பப் இன்றும் இசைக்காரர்கள் கூடுமிடம். மொலோனி, கீன், ஃபே, பெல், கொனெஃப், மொலாய் என்ற அந்த அறுவர் அணி இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது. உலகம் அறிந்த சீஃப்டன்ஸ் அதுதான்.

கேள்வி: டப்ளினர்ஸ் பெரியவர்களா, சீஃப்டன்ஸ் பெரியவர்களா?

சண்டை மூட்டாதீர்கள். இரண்டும் 1962, இரண்டும் டப்ளின், ஆனால் வழி வேறு. டப்ளினர்ஸ் பாட்டுக் குழு, ஓ'டோனஹியூ பப்பில் பிறந்தது. ரோனி ட்ரூ, லூக் கெல்லி குரல்களைக் கேட்டால் கூட்டம் சேர்ந்து பாடும். சீஃப்டன்ஸ் வாத்தியக் குழு, முதல் சில தட்டுகளில் பாட்டே கிடையாது. பிளாங்க்ஸ்டியும் போதி பேண்டும் எழுபதுகளில் வந்தவை, கிட்டாரும் பூசூக்கி என்ற நீண்ட கழுத்துக் கம்பி வாத்தியமும் வைத்து ஒரு வேகத்தை உண்டாக்கினார்கள், இளைஞர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மொலோனி கடைசி வரை அந்த அறுவருக்குள் கிட்டாரைச் சேர்க்கவில்லை. வேகத்துக்குப் போதி பேண்டைக் கேளுங்கள், இரவில் தனியாக உட்கார்ந்து கேட்க சீஃப்டன்ஸ்.

கேள்வி: பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ், ஸ்டிங், வான் மோரிசன் என்று பெரிய பெயர்களோடு கூட்டு சேர்ந்து காசு பார்க்கப் போய்விட்டார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நியாயமா?

பாதி நியாயம். 1988இல் வான் மோரிசனோடு செய்த 'ஐரிஷ் ஹார்ட்பீட்' மீது யாரும் குறை சொல்ல முடியாது என்பது என் கட்சி. பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவர் சின்ன வயதில் கேட்ட பாட்டுகளைத் தன் கரகரத்த குரலில் பாடுகிறார், குழு அவருக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கிறது. 1995இல் வந்த 'தி லாங் பிளாக் வெய்ல்' தட்டில்தான் ஸ்டோன்ஸும் ஸ்டிங்கும் டாம் ஜோன்ஸும் வருகிறார்கள். அதில் ஷினேட் ஓ'கானர் பாடிய 'ஃபாகி ட்யூ' ஒன்றுக்காகவே தட்டை வாங்கலாம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியைப் பற்றிய பாட்டு, அவர் குரல் கடைசி வரை தளரவே இல்லை. ஸ்டோன்ஸ் வரும் பாட்டு கலகலப்பாக இருக்கும், ஆனால் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றாது.

அதன் பிறகு விருந்தாளிகள் கூடக்கூடக் குழு பின்னால் போய்விட்ட தட்டுகளும் உண்டு, அங்கே உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் மெட்டின் வேரைத் தேடிப் போன கூட்டுகள் வேறு ரகம். ஸ்பெயினின் கலீசியாவில் அவர்களுக்கே உரிய பைப் உண்டு, அந்தக் கலைஞர் கார்லோஸ் நூனெஸோடு சேர்ந்து 'சான்டியாகோ' செய்தார்கள். 1846-48 போரில் அமெரிக்கப் படையை விட்டு மெக்சிகோ பக்கம் போய்ப் போரிட்ட ஐரிஷ் வீரர்களின் கதையை வைத்து, அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் மெக்சிகோ இசைக்காரர்களும் சேர்ந்து 2010இல் 'சான் பாட்ரீசியோ' வந்தது. இதைக் காசுக்காகச் செய்தார்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: கிராமி எத்தனை?

ஆறு. 1993இல் மட்டும் இரண்டு.

கேள்வி: சீனப் பெருஞ்சுவரில் வாசித்தார்கள், விண்வெளிக்குப் போனார்கள் என்றெல்லாம் சொல்கிறார்களே, கட்டுக்கதையா?

இரண்டும் உண்மை. 1983இல் சீனாவுக்குப் போய்ப் பெருஞ்சுவர் மேலேயே வாசித்தார்கள், அங்கிருந்த நாட்டுப்புற இசைக்காரர்களோடும் சேர்ந்து வாசித்தார்கள். தட்டாகவும் வந்திருக்கிறது. விண்வெளிக்குப் போனது ஆட்கள் இல்லை, வாத்தியங்கள். விண்வெளி வீராங்கனை கேடி கோல்மன் புல்லாங்குழல் வாசிப்பவர், மொலோனியின் டின் விசிலையும் மொலாயின் புல்லாங்குழலையும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு எடுத்துப்போய் 2011 பேட்ரிக் திருநாளில் அங்கே வாசித்தார். பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1979 செப்டம்பர் 29, டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னால் வாசித்தார்கள். 1989இல் அயர்லாந்து அரசே இவர்களை நாட்டின் இசைத் தூதர்கள் என்று அறிவித்தது.

கேள்வி: இப்போதும் நிகழ்ச்சி நடக்கிறதா? டப்ளின் போனால் கேட்க முடியுமா?

முடியாது. விடைபெறும் பயணம் ஒன்றைத் தொடங்கினார்கள், 2020இல் கொரோனா வந்து அது பாதியில் நின்றது. 2021 அக்டோபர் 12 அன்று மொலோனி 83 வயதில் இறந்தார், குழுவும் அதோடு முடிந்தது. ஃபே 2012இலும் பாட்ஸ் 2014இலும் கீன் 2023இலும் போய்விட்டார்கள். டப்ளின் போனால் வருத்தப்படாதீர்கள், ஸ்மித்ஃபீல்டில் காபிள்ஸ்டோன் பப் இருக்கிறது, மாலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். வாசிக்கும்போது சத்தமாகப் பேசாதீர்கள், வாசிப்பவர்களுக்கு விட்ட நாற்காலியிலும் உட்காராதீர்கள்.

கேள்வி: எந்தத் தட்டில் தொடங்கலாம்?

'சீஃப்டன்ஸ் 4'. பிடித்துவிட்டால் பின்னோக்கி மூன்று, இரண்டு. அப்புறம் மொலாய் சேர்ந்த பிறகு வந்த முதல் தட்டு, 1979இல் வந்த 'பாய்ல் தி பிரேக்ஃபாஸ்ட் அர்லி'. அதில் புல்லாங்குழலும் ஃபிடிலும் துரத்திக்கொண்டு ஓடுவதைக் கேளுங்கள். விருந்தாளிகள் வரும் தட்டுகளை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நட்சத்திரத்தின் பின்னால் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது காதில் விழும். இன்னொன்று, ஒரே தட்டை ஒரு வாரம் கேளுங்கள். முதல் தடவை எல்லா ரீலும் (வேகமான நடன மெட்டு) ஒன்று போலத்தான் இருக்கும், மூன்றாவது நாளில் பிரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, டின் விசில் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். வாங்கித் தரலாமா அண்ணா?

தாராளமாக. மொலோனி தொடங்கியதும் ஆறு வயதில், அம்மா வாங்கித் தந்த விசிலில்தான். டி சுருதி விசில் என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான ஐரிஷ் மெட்டுகள் அந்தச் சுருதிக்கே வரும். ஜெனரேஷன், ஃபியடோக் இரண்டும் விலை குறைந்தவை, போதுமானவை. ஆறு துளைதான். துளையை விரல் நுனியால் மூடாமல் விரலின் சதைப்பகுதியால் மூடச் சொல்லுங்கள், கீழ் சுரங்களுக்கு மெதுவாக ஊதினால் போதும். மேல் ஸ்தாயிக்கு விரல் மாறாது, ஊதல் மட்டும் கூடும், அப்போது கீச்சென்று கத்தும், வீட்டில் திட்டாதீர்கள். முதலில் மெதுவான மெட்டுகள், ரீல் பக்கம் இப்போதே போக வேண்டாம். மொலோனியும் பாட்ஸும் விசில்களை வைத்து 1974இல் 'டின் விசில்ஸ்' என்று ஒரு தட்டு போட்டார்கள், அதை வீட்டில் ஓட விடுங்கள். மெட்டு மனசில் ஏறிவிட்டால் விரல் தானாகத் தேடிக்கொள்ளும்.